தொலைவுமானி கேமராக்கள்: அமைப்பும் சேகரிப்பும்

தொலைவுமானி கேமரா என்பது, படமெடுக்க வேண்டிய பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைத் தன்னுள் அமைந்த ஒளியியல் அமைப்பால் அளந்து, அதற்கேற்ப வில்லையை நகர்த்திக் குவியப்படுத்தும் ஃபிலிம் கேமரா ஆகும். சேகரிப்பாளர்களும் பழைய ஸ்டுடியோக்காரர்களும் இதை ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்றே சொல்வர். 1930களில் தொடங்கி 1970கள் வரை பத்திரிகைப் படக்காரர்களிடமும், வசதியுள்ள குடும்பங்களிடமும் இவ்வகைக் கேமராக்கள் இருந்தன. பிற நிறுவனங்கள் பெரும்பாலும் இவற்றைக் கைவிட்டுவிட்டன. ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் மட்டும் இன்றும் எம் வரிசையில் ஃபிலிம் கேமராக்களைச் செய்துவருகிறது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, அணைக்கட்டு வட்டாரங்களில் வெளிநாடு சென்று வந்தவர்களின் வீட்டுப் பீரோக்களில் இத்தகைய கேமராக்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவை தடித்த தோல் உறைக்குள், பொத்தான் போட்டு, பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தோல் உறைதான் கேமராவைக் கெடுக்கிறது என்பதைத் தோல் தொழிலிலேயே ஊறிய நம் பகுதி மக்களிடம் சொன்னால் எளிதில் நம்புவதில்லை. அதன் காரணம் பின்னர் விளக்கப்படுகிறது.

செயல்படும் முறை

கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கவும். பிறகு மறு கண்ணை மூடிப் பார்க்கவும். விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். விரலை அருகில் கொண்டுவந்தால் மாற்றம் கூடும், தூரத்தில் வைத்தால் குறையும். இரு கண்களுக்கு இடையிலான தூரத்தை அடிப்பக்கமாகக் கொண்ட முக்கோணத்தின் கோணமே இப்படி மாறுகிறது. எட்டாம் வகுப்பு மாணவரும் இதைப் புரிந்துகொள்வர். தொலைவுமானி கேமராவுக்குள் நடப்பதும் இதுவே.

கேமராவின் முன்புறத்தில் இரண்டு சாளரங்கள் இருக்கும். ஒன்றின் வழியே வரும் காட்சி நேராகக் கண்ணுக்கு வருகிறது. மற்றொன்றின் வழியே வரும் காட்சி ஒரு கண்ணாடியிலோ பட்டகத்திலோ திரும்பி, பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் மெல்லிய பூச்சுள்ள கண்ணாடியின் மேல் விழுந்து, முதல் காட்சியுடன் சேர்கிறது. ஆகவே பார்ப்பவருக்கு நடுவில் உள்ள சிறு கட்டத்தில் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். வில்லையின் வளையத்தைத் திருப்பும்போது, வில்லையின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நெம்புகோல் நகர்ந்து, திரும்பும் கண்ணாடியையும் நகர்த்துகிறது. இரு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடத்தில் குவியம் சரியாக இருக்கிறது.

இரு சாளரங்களுக்கும் இடையிலான தூரம் அடித்தொலைவு எனப்படும். லைக்கா எம்3 கேமராவில் இது 68.5 மி.மீ. மூன்று மீட்டர் தொலைவில் நிற்பவரை நோக்கினால் கோணம் ஏறத்தாழ 1.31 பாகை. அவர் ஒரு மீட்டர் பின்னால் நகர்ந்தால் அது 0.98 பாகை ஆகிவிடும். இந்த வேறுபாட்டைக் கண் எளிதில் காணும். ஆனால் 30 மீட்டருக்கும் 40 மீட்டருக்கும் உள்ள வேறுபாடு 0.03 பாகை அளவே. ஆகவேதான் தொலைவுமானி கேமரா அருகில் நிற்கும் மனிதர்களைப் படமெடுக்கச் சிறந்தது, தூரத்து யானையைப் படமெடுக்க ஏற்றதன்று. தமிழிலும் எழுதிய இயற்கையாளர் மா. கிருஷ்ணன் காட்டு விலங்குகளைப் படமெடுக்கப் பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு கேமராவை உருவாக்கி, அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

அடித்தொலைவு கூடினால் துல்லியமும் கூடும். பழைய திருகு வகை லைக்காவில் அது 39 மி.மீ. மட்டுமே. காண்டாக்ஸ் வழியில் வந்த கீவ் கேமராவில் 90 மி.மீ. இருக்கிறது. ஆனால் கீவைப் பிடிக்கும்போது வலக்கை விரல் தானாகவே ஒரு சாளரத்தை மூடிவிடும். முதல் வாரம் இதற்காக எரிச்சல்படாதவர் எவருமில்லை.

இவ்வகைக் கேமராவில் கண் பார்ப்பது வேறு வழி, ஃபிலிம் பார்ப்பது வேறு வழி. வில்லை மூடியைக் கழற்ற மறந்தாலும் காட்சி தெளிவாகவே தெரியும். சுருள் முழுவதும் எடுத்து முடித்து, கழுவிய பின்புதான் உண்மை தெரியவரும்.

வரலாறு

வெட்ஸ்லர் நகரில் இருந்த லைட்ஸ் நிறுவனத்தின் ஓஸ்கர் பார்னாக் வடிவமைத்த லைக்கா, 1925இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமானது. திரைப்படத்துக்கான 35 மி.மீ. ஃபிலிமை நிழற்படத்துக்குப் பயன்படுத்தும் கேமராக்களைப் பரவலாக்கியது அதுவே. அதில் தொலைவுமானி இல்லை. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டும், அல்லது தனியாக ஒரு தொலைவுமானியை மேலே செருகி, அதில் கண்ட எண்ணை வில்லையில் வைக்க வேண்டும். தொலைவுமானியும் வில்லையும் இணைந்த லைக்கா 2, சைஸ் ஐகானின் காண்டாக்ஸ் ஆகிய இரண்டும் 1932இல் வெளிவந்தன. 1954இல் வந்த எம்3, பார்க்கும் சாளரத்தையும் அளக்கும் சாளரத்தையும் ஒரே கண்துளையில் இணைத்தது. இன்றைய சேகரிப்பாளர் பலரும் இதையே இவ்வகையின் உச்சமாகக் கருதுகின்றனர். என் கருத்தும் அதுவே.

சோவியத் நாட்டில் லைக்காவைப் பார்த்துச் செய்யப்பட்ட ஃபெட் கேமராவின் கதை ஆசிரியர்களுக்குச் சுவையானது. கார்கிவ் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக நடத்தப்பட்ட ஜெர்ஜின்ஸ்கி கம்யூனில், அச்சிறுவர்களின் உழைப்பில் 1934 முதல் இக்கேமரா உற்பத்தியானது. பெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கி என்ற பெயரின் முதலெழுத்துகளே ஃபெட். அந்தக் கம்யூனை வழிநடத்தியவர், கல்வியியல் படித்தவர்கள் பாடப்புத்தகத்தில் சந்தித்திருக்கும் அன்டன் மக்கரென்கோ. உழைப்பும் கல்வியும் இணைய வேண்டும் என்ற அவரது கொள்கையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது, அதன் விளைபொருளைப் பின்னாளில் கையில் பிடித்துப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. போருக்குப் பின் 1948 முதல் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் சோர்கி கேமராவும், ஜெர்மனியிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட காண்டாக்ஸ் பாகங்களையும் கருவிகளையும் கொண்டு 1947 முதல் கீவ் நகரின் அர்செனல் ஆலையில் கீவ் கேமராவும் செய்யப்பட்டன.

ஜப்பானில் 1936இல் ஹான்சா கேனானும், 1948இல் முதல் நிக்கானும் வந்தன. 1959இல் வெளிவந்த நிக்கான் எஃப், வில்லையின் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் வகையைத் தொழில்முறையாளர்களிடம் நிலைநிறுத்தியது. அதன்பின் தொலைவுமானி கேமரா குடும்பங்களுக்கான மலிவு வகையாக மாறிற்று. 1961இல் கேனோனெட்டும், 1966இல் யாஷிகா எலக்ட்ரோ 35உம் வந்தன. நம் பகுதியில் கண்ணில் படுபவை பெரும்பாலும் இந்தக் கடைசிக் காலத்தவை.

திருவண்ணாமலையில் ஒரு லைக்கா

இவ்வகைக் கேமராவின் சிறப்பைக் காட்டும் நிகழ்வு ஒன்று நமக்கு அருகிலேயே நடந்துள்ளது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் 1948 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் சுடப்படுவதற்குச் சற்று முன்பு, தில்லியில் அவரைச் சந்தித்துப் படமெடுத்தவர். 1950 ஏப்ரலில் அவர் வேலூரிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவில் உள்ள திருவண்ணாமலைக்கு வந்தார். நோயுற்றிருந்த ரமண மகரிஷியின் கடைசி நாட்களை அவர் படமெடுத்தார். ஏப்ரல் 14 இரவு மகரிஷி மறைந்தபோதும் அங்கேயே இருந்தார். அதே மாத இறுதியில் புதுச்சேரி சென்று, நெடுங்காலமாகப் படமெடுக்க அனுமதி அளிக்காதிருந்த ஸ்ரீ அரவிந்தரையும் படமெடுத்தார். அரவிந்தர் அவ்வாண்டு டிசம்பர் 5 அன்று மறைந்தார்.

அவர் கையில் இருந்தது சிறிய லைக்கா. கண்ணைப் பறிக்கும் ஃபிளாஷை அவர் விரும்பியதில்லை. கேமராவின் பளபளக்கும் பகுதிகளைக் கறுப்பு நாடாவால் மறைத்து வைத்திருப்பார். தொலைவுமானி கேமராவில் மேலெழும்பி விழும் கண்ணாடி இல்லாததால், துணித்திரை நகரும் மெல்லிய ஒலி மட்டுமே கேட்கும். நோயாளியின் அறையிலும் தியானம் நடக்கும் கூடத்திலும் பெரிய ஸ்டுடியோக் கேமராவைத் தாங்கியுடன் வைத்து இப்படங்களை எடுத்திருக்க முடியுமா என்று எண்ணிப் பார்த்தால், இக்கருவியின் மதிப்பு விளங்கும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் இரண்டு பிம்பங்களும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுக்கட்டம் மங்கியிருந்தால் பாதிப் பூச்சுக் கண்ணாடி கெட்டிருக்கலாம். அதைத் துடைக்கக் கூடாது, பூச்சே துணியோடு வந்துவிடும். அடுத்து வில்லையை முடிவிலிக் குறியில் வைத்து, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு கோபுரத்தையோ மலை உச்சியையோ பார்க்க வேண்டும். பிம்பங்கள் பக்கவாட்டில் விலகியிருந்தால் அளவு பிசகியிருக்கிறது என்று பொருள். மேலும் கீழுமாக விலகியிருந்தால் எப்போதோ கீழே விழுந்த கேமராவாக இருக்கலாம். இரண்டையுமே நல்ல மெக்கானிக் சரிசெய்துவிடுவார்.

துணித்திரை கொண்ட லைக்கா, ஃபெட், சோர்கி வகைகளில், வில்லையைக் கழற்றிவிட்டுப் பின்புறமிருந்து டார்ச் அடித்துத் திரையில் ஊசித்துளைகள் உள்ளனவா என்று காண வேண்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. எஸ்எல்ஆர் கேமராவில் வில்லைக்கும் திரைக்கும் இடையே கண்ணாடி இருக்கிறது. தொலைவுமானியில் அது இல்லை. மூடியில்லாத வில்லை சூரியனை நோக்கித் தொங்கினால், உருப்பெருக்கிக் கண்ணாடி தாளை எரிப்பது போல வில்லை திரையை எரித்துவிடும். வேலூர் வெயிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சித்திரை மாதத்தில் தோளில் கேமராவை மாட்டிக்கொண்டு நடப்பவர் வில்லை மூடியைப் போட்டே நடக்க வேண்டும். யாஷிகா, கேனோனெட் போன்றவற்றில் திரை வில்லைக்குள் இதழ்களாக அமைந்திருப்பதால் இந்த ஆபத்து இல்லை. அவற்றுக்கு வேறு நோய் உண்டு: எண்ணெய் படிந்து இதழ்கள் ஒட்டிக்கொள்ளும்.

யாஷிகா எலக்ட்ரோ 35 வாங்குவோர் ஃபிலிமை நகர்த்தும் நெம்பை இழுத்துவிட்டுக் காதை வைத்துக் கேட்க வேண்டும். முடிவில் டொக் என்ற ஒலி வராவிட்டால், உள்ளே உள்ள ஒரு சிறு ரப்பர்த் துண்டு நைந்துபோயிருக்கிறது. இக்கேமராவுக்கான 5.6 வோல்ட் பாதரச மின்கலம் இப்போது கிடைப்பதில்லை. 6 வோல்ட் மின்கலத்தை ஓர் இணைப்பானில் வைத்துப் பயன்படுத்துகின்றனர். மின்கலமே இல்லாவிட்டால் இது 1/500 நொடி வேகத்தில் மட்டும் இயங்கும். இதை அறியாமல் நல்ல கேமராவைப் பழுது என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

லைக்கா என்ற பெயரில் வருபவற்றில் எச்சரிக்கை தேவை. தங்கமுலாம் பூசி, ஜெர்மன் விமானப்படை முத்திரை பொறித்து விற்கப்படும் கேமராக்கள் பெரும்பாலும் வேடம் போட்ட ஃபெட்டும் சோர்கியும்தாம். வில்லையைக் கழற்றி உள்ளே பார்த்தால், தொலைவுமானி நெம்பின் நுனியில் உண்மையான லைக்காவில் சிறு உருளைச் சக்கரம் இருக்கும். ஃபெட், சோர்கியில் சக்கரத்துக்குப் பதில் சாய்வாகச் செதுக்கிய உலோக நுனி இருக்கும். என் பார்வையில், ஃபெட்டை ஃபெட் என்றே அறிந்து வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. வரலாறு அதற்கும் இருக்கிறது. கீவ் வாங்குவோருக்கு ஒரு வசதி: வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே அது செய்யப்பட்ட ஆண்டு.

விலையைப் பற்றிச் சில சொற்கள். 2022இல் வெட்ஸ்லரில் நடந்த ஏலத்தில், ஓஸ்கர் பார்னாக் தாமே பயன்படுத்திய முன்மாதிரி லைக்கா 1.44 கோடி யூரோவுக்கு விற்பனையானது. அதில் தொலைவுமானி கிடையாது! இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டுத் தம் வீட்டுக் கேமராவுக்கு இலட்சங்களை எதிர்பார்ப்போர் ஏமாறுவர்.

தோல் உறையும் பூஞ்சையும்

என் தாய்மாமா 1970களில் சிங்கப்பூரிலிருந்து யாஷிகா எலக்ட்ரோ 35 ஒன்றைக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் நடந்த எல்லாத் திருமணங்களும் அதில் பதிவாயின. அவர் காலமான பின் அதை மரியாதையாகத் தோல் உறையில் இட்டு, பட்டுப் புடவைகளுக்கு அருகில் பீரோவில் வைத்தோம். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது வில்லைக்குள் சிலந்திவலை போல வெள்ளை இழைகள் பரவியிருந்தன. பூஞ்சை வில்லையின் பூச்சை அரித்துக் கண்ணாடியிலும் தடம் பதித்துவிட்டது. மெக்கானிக் கழுவித் தந்தார். தடம் போகவில்லை. அதில் எடுக்கும் படங்களில் வெளிச்சத்தைச் சுற்றி இன்றும் ஒரு புகைமூட்டம் தெரியும். வெயிலில் வைத்திருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது.

காரணம் எளிது. தோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்க்கும் எண்ணெயும் தோலின் புரதமும் பூஞ்சைக்கு உணவு. மூடிய உறைக்குள் இருட்டும் சேர்ந்துவிட்டால் வேறென்ன வேண்டும்? மழைக்காலத்தில் செருப்பின் மேல் வெண்மை படர்வதைப் பார்த்த எவருக்கும் இது புரியும். ஆவாரம்பட்டை முதலிய தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலில் அமிலத்தன்மையும் உண்டு. பித்தளை ஆணி அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் பச்சைக் களிம்பு பூக்கும். சைஸ் ஐகான் கேமராக்களின் உடலில் தோலுக்கு அடியில் ஆணிகள் அரித்துச் சிறு கொப்புளங்கள் எழும்புவதைச் சேகரிப்பாளர்கள் சைஸ் கொப்புளம் என்றே அழைக்கின்றனர்.

எனவே கேமராவை ஓரிடத்திலும் உறையை வேறிடத்திலும் வைக்க வேண்டும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளுடன் கேமராவை வைக்கலாம். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம். பீரோவில் போடும் நாப்தலீன் உருண்டையை அருகில் வைக்கக் கூடாது, அதன் ஆவி வில்லையில் படியும். எல்லாவற்றையும்விட நல்ல வழி, மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, எல்லா வேகங்களிலும் நான்கைந்து முறை தட்டிப் பார்ப்பது.

கேமராவின் உடலைப் போர்த்தியிருப்பது எல்லாவற்றிலும் தோல் அன்று. லைக்கா எம்3இல் இருப்பது வல்கனைட் எனும் ரப்பர் வகை. அது காய்ந்து துண்டு துண்டாக உதிரும். உதிர்ந்த இடத்தில் புதுப்போர்வை ஒட்டுவதற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவிய ஆட்டுத்தோல் பொருத்தமானது. வெளிநாட்டில் இதற்கென வெட்டிய துண்டுகளை வாங்குகின்றனர். ஆம்பூரிலோ பேர்ணாம்பட்டிலோ தோல் வேலை தெரிந்தவரிடம் பழைய போர்வையை மாதிரியாகக் கொடுத்தால், விளிம்பு சீவி வெட்டித் தருவார். குரோம் முறையில் பதனிட்ட தோலாகக் கேட்டு வாங்குவது நலம்.

ஃபிலிம்

கேமரா கிடைத்தாலும் ஃபிலிம் இல்லாவிட்டால் அது அலமாரிப் பொருளே. இந்தியாவின் பொதுத்துறை ஃபிலிம் ஆலை நம் மாநிலத்தில்தான் இருந்தது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960இல் தொடங்கப்பட்டு, 1967இல் உற்பத்தியில் இறங்கியது. இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களையும், தாளையும், எக்ஸ்ரே ஃபிலிமையும் அது விற்றது. இந்து என்றால் நிலவு. ஃபிலிமில் உள்ள வெள்ளி உப்புக்குப் பொருத்தமான பெயர். தூசியற்ற குளிர்ந்த காற்று வேண்டும் என்பதால் நீலகிரி தேர்ந்தெடுக்கப்பட்டது. 1990களில் நலிவடைந்த அந்நிறுவனத்தின் தொழிலாளர்களுக்கு 2014இல் மத்திய அரசு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. ஆலை மூடப்பட்டது. என் போன்றோரின் பள்ளிக் குழுப்படங்கள் பல அந்த ஃபிலிமில்தான் இருக்கின்றன. இன்று கோடாக், இல்ஃபோர்டு சுருள்களை இறக்குமதி விலையில் வாங்க வேண்டியிருக்கிறது. 36 படங்களையும் எண்ணி எண்ணித்தான் எடுக்க முடிகிறது.

ஒளிமானி இல்லாத கேமராவில் எடுப்போர் ஒரு பழைய கணக்கைப் பின்பற்றலாம். தெளிவான வெயிலில் துளையை எஃப் 16இல் வைத்து, ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு நெருங்கிய வேகத்தை வைக்க வேண்டும். 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு 1/125 நொடி. திறந்த நிழலில் துளையை எஃப் 5.6 வரை திறக்கலாம்.

முதல் சுருளில் நான்கு படங்களைச் சோதனைக்கு ஒதுக்குவது நல்லது. ஒரு மேசையின் மேல் ஐந்து புத்தகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கைச்சாண் இடைவெளியில் சாய்வாக நிறுத்தி, மூன்றாவது புத்தகத்தின் முதுகு எழுத்தில் இரு பிம்பங்களையும் பொருத்தி, துளையை முழுவதும் திறந்து எடுக்க வேண்டும். கழுவிய படத்தில் மூன்றாவது புத்தகத்தின் எழுத்து தெளிவாக இருந்தால் தொலைவுமானி சரியாக இருக்கிறது. இரண்டாவதோ நான்காவதோ தெளிவாக இருந்தால், அந்தப் படத்தையும் கையோடு மெக்கானிக்கிடம் எடுத்துச் செல்லவும்.